இருபது அமினோ அமிலங்களும் ஒரு கத்தியும்: நெரினெடைடு, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த சர்வதேசப் பக்கவாத மாநாட்டில் ஒரு மருந்துச் சோதனையின் முடிவு வெளியானது. சுருக்கிச் சொன்னால் இரண்டே எண்கள்: 61.4, 59.2. முதலாவது, நெரினெடைடு ஊசி போடப்பட்டவர்களில் மூன்று மாதம் கழித்து யார் துணையும் இல்லாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர்களின் சதவீதம். இரண்டாவது, மருந்தே இல்லாத போலி ஊசி போடப்பட்டவர்களில் அப்படித் தேறியவர்களின் சதவீதம். 8 நாடுகள், 48 மருத்துவமனைகள், 1,105 நோயாளிகள். இவ்வளவுக்கும் பிறகு கிடைத்த இரண்டு சொச்சம் புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடக்கூடியது என்று புள்ளியியல் கையை விரித்துவிட்டது.

பக்கவாதத்தில் சாகப்போகும் நரம்பணுவைக் காப்பாற்ற வந்த மருந்து தோற்பது அது முதல் தடவை இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தோல்விச் செய்தி பழகிப்போன ஒன்று. ஆனால் இந்தத் தோல்விக்கு உள்ளே இன்னொரு ஜோடி எண்கள் இருந்தன: 59.3, 49.8. இரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் மருந்து கொடுக்கப்படாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தவை இவை. அந்தக் கூட்டத்தில் நெரினெடைடு வேலை செய்ததுபோல் தெரிந்தது. ஏன் என்பதற்கு மூலக்கூறு மட்டத்தில் ஒரு விளக்கமும் இருந்தது. நான் படித்த விளக்கங்களிலேயே மிக அழகானவற்றுள் அது ஒன்று. அந்த அழகுதான் இந்த ஆய்வை எழுத வைத்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அன்றாடங்காய்ச்சி உறுப்பு

முதலில் சாவு. கழுத்து வழியாக மேலே போகும் இரத்தத்தில் ஒரு கட்டி மிதந்து வந்து, மூளையின் நடுத் தமனியில் அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்; ஓய்வில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் அதன் பங்கு சுமார் 20 சதவீதம். இவ்வளவு செலவாளியான உறுப்பிடம் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனைச் சேர்த்து வைக்கும். மூளை அன்றாடங்காய்ச்சி. அன்றைக்கு வருவதை அன்றைக்கே, சரியாகச் சொன்னால் அந்த நொடி வருவதை அந்த நொடியே, செலவழித்துவிடும்.

நல்ல நிலையில் 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. இது 20க்குக் கீழே இறங்கும்போது நரம்பணுக்கள் மின் பேச்சை நிறுத்திவிடுகின்றன. கை தூக்க முடியாது, வாய் குழறும். ஆனால் அணு இன்னும் சாகவில்லை. வாயை மூடிக்கொண்டு செலவைக் குறைக்கிறது. 10க்குக் கீழே இறங்கினால் கதை வேறு. அணுவின் சவ்வே கட்டுப்பாட்டை இழக்கிறது, நிமிடங்களில் சாவு. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில், ஊமையாகி ஆனால் உயிரோடு காத்திருக்கும் திசுவுக்கு 1981இல் ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் என்ற மூவர் எழுதிய கட்டுரை 'பெனம்ப்ரா' என்ற பெயரை நிலைநிறுத்தியது. கிரகணத்தில் முழு நிழலைச் சுற்றி அரை வெளிச்சமாக இருக்குமே, அந்தப் புறநிழல். பக்கவாத சிகிச்சை முழுவதும் இந்தப் புறநிழலுக்கான சண்டைதான். நடுவில் இருக்கும் கரு அநேகமாகக் கைவிட்டுப் போனது.

நரம்பணுவை ஓட்டைப் படகு என்று நினைத்துக்கொள்ளலாம். சோடியம் ஓயாமல் உள்ளே கசியும், பொட்டாசியம் ஓயாமல் வெளியே கசியும். ஏடிபி என்ற ஆற்றல் நாணயத்தைக் கொடுத்து ஒரு பம்ப் அதை இறைத்துக்கொண்டே இருக்கிறது. மூளை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. ஏடிபி தீர்ந்தால் இறைப்பு நிற்கிறது. சோடியம் உள்ளே, அதன் பின்னால் குளோரைடு, அதன் பின்னால் தண்ணீர். அணு வீங்குகிறது. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். அங்கே சிந்திய குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளை உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொள்ளும் கடத்திப் புரதங்கள், சோடியம் வெளியே அதிகம் இருப்பதை நம்பி ஓடுபவை. அந்தச் சரிவு போனதும் அவை பின்னோக்கிச் சுற்ற ஆரம்பிக்கின்றன. உறிஞ்ச வேண்டியது உமிழ்கிறது. 1984இல் எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் மெல்லிய குழாய் வைத்து அளந்தவர்கள், இரத்த ஓட்டம் நின்றதும் அணுக்களுக்கு வெளியே குளூட்டமேட் பல மடங்கு ஏறுவதைப் பார்த்தார்கள்.

குளூட்டமேட் நரம்பணுவைக் கொல்லும் என்பது அதற்கும் முந்தைய செய்தி. 1957இல் லூகாஸ், நியூஹவுஸ் இருவரும் எலிக்குட்டிகளுக்கு அதை ஊசியாகப் போட்டபோது விழித்திரையின் உள் அடுக்கு அழிந்தது. 1969இல் ஜான் ஓல்னி, தோலுக்கடியில் மோனோசோடியம் குளூட்டமேட் செலுத்திய எலிக்குட்டிகளின் ஹைப்போதலாமஸில் அணுக்கள் சாவதைக் காட்டினார். அளவு மீறிய தூண்டுதலே நஞ்சாகிறது என்ற பொருளில் அவர் வைத்த 'எக்ஸைட்டோடாக்சிசிட்டி' என்ற பெயர்தான் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. (ஆமாம், நம் வீடுகளில் அஜினோமோட்டோ என்று சொல்லிப் பயப்படும் அதே பொருள். ஆனால் ஓல்னி அதைப் பிறந்த குட்டிகளுக்குப் பெரிய அளவில் ஊசியாகப் போட்டார். ஃப்ரைடு ரைஸ் தட்டையும் அந்தச் சோதனையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.)

குளூட்டமேட் கொல்லும் வாசல்களில் முக்கியமானது என்எம்டிஏ ஏற்பி. அதன் வாயில் ஒரு மெக்னீசியம் அயனி கார்க் மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து உட்கார வேண்டும், கூடவே அணுவின் மின்னழுத்தமும் சரிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கார்க் கழன்று கால்சியம் உள்ளே பாயும். நினைவு பதிவதற்காக அமைந்த ஏற்பாடு இது. பக்கவாதத்தில் இரண்டு நிபந்தனைகளும் ஒரேயடியாக, நிறுத்தமே இல்லாமல் நிறைவேறிவிடுகின்றன. அணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. கதவு திறந்தால் எவ்வளவு வேகத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கதவை அடைத்துப் பார்த்தார்கள்

அப்படியானால் என்எம்டிஏ கதவை மருந்து வைத்து அடைத்துவிட்டால்? 1984இலேயே எலிகளில் இது பலித்தது. 1980களின் பின்பாதியிலும் 1990களிலும் மருந்து நிறுவனங்கள் இதன் பின்னால் ஓடின. செல்ஃபோடெல், ஆப்டிகனெல், காவெஸ்டினெல் என்று ஒவ்வொன்றாக மனிதர்களிடம் வந்து ஒவ்வொன்றாக விழுந்தன. செல்ஃபோடெல் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து வாங்கிய பக்கத்தில் ஆரம்ப நாள்களின் சாவு கூடுவதுபோல் தெரிந்ததுதான் காரணம். கதவை அடைத்த மருந்துகள் மனப்பிரமையையும் கொந்தளிப்பையும் கொண்டுவந்தன. பலன் தரும் அளவுக்கு மருந்தை ஏற்றவே முடியவில்லை. இன்னொரு காரணமும் பின்னால் வலுவாகப் பேசப்பட்டது. முதல் வெள்ளம் வடிந்த பிறகு, பிழைத்திருக்கும் நரம்பணுவுக்கு உயிர் வாழும் சமிக்ஞை இதே ஏற்பி வழியாகத்தான் போகிறது. கொலைகாரன் என்று நினைத்துப் பூட்டி வைத்தவன் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவனாகவும் இருந்தான்.

2006இல் ஒரு குழு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. பக்கவாதத்துக்காகச் சோதனைக்கூடங்களில் முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகள் 1,026. அதில் நரம்பணுவைக் காப்பாற்றும் மருந்து என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒன்றும் தேறவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, சுமார் 1,700 பேர் கொண்ட சோதனையில் நம்பிக்கை தந்தது. அதைச் சரிபார்க்க இன்னும் பெரிய இரண்டாவது சோதனை நடந்து, அது வெறுங்கையோடு முடிந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் சோதனையில் ஒரு மினுக்கம், இரண்டாவதில் இருட்டு.

ஒயரை மட்டும் வெட்டு

1999இல் டொரண்டோவில் மைக்கேல் டிமியான்ஸ்கியின் குழு ஒரு கெட்டிக்காரத்தனமான கேள்வி கேட்டது. கால்சியம் எந்தக் கதவு வழியாக வந்தாலும் ஒரே அளவுக்குக் கொல்கிறதா? இல்லை என்பதை நரம்பணுக்களை வளர்த்துப் பார்த்துக் காட்டியிருந்தார்கள். வேறு வாசலில் அதே அளவு கால்சியம் நுழைந்தால் அணு தாங்கிக்கொள்கிறது. என்எம்டிஏ வழியாக வந்தால் சாகிறது. அப்படியானால் அந்தக் கதவுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது பிஎஸ்டி-95 என்ற புரதம். நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி. அதில் வரிசையாகச் செருகு துளைகள் இருக்கின்றன. ஒரு துளையில் என்எம்டிஏ ஏற்பியின் வால் செருகியிருக்கும். நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியும் அதே பெட்டியில் செருகியிருக்கும். அந்த நொதி கால்சியத்தால் முடுக்கப்படுவது. ஆகவே என்எம்டிஏ கதவு திறந்ததும் வரும் முதல் கால்சியம் நேராக அதன் தலையில்தான் விழுகிறது. 1999இன் சோதனையில் அணுக்களில் பிஎஸ்டி-95இன் அளவைக் குறைத்தபோது கால்சியம் வழக்கம்போல வந்தது, மின்னோட்டமும் வழக்கம்போல இருந்தது. நைட்ரிக் ஆக்சைடு குறைந்தது, அணு பிழைத்தது.

நைட்ரிக் ஆக்சைடு தனியாக அவ்வளவு பொல்லாதது இல்லை. இரத்தக் குழாயை விரிக்கும் நல்ல வேலையும் அதற்கு உண்டு. கெட்ட சகவாசம்தான் பிரச்சினை. திணறும் மைட்டோகாண்ட்ரியாவும் வேறு சில நொதிகளும் சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலைக் கக்குகின்றன. இரண்டும் சந்தித்தால் பெராக்ஸிநைட்ரைட். அது புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எதையும் விட்டுவைக்காது. டிஎன்ஏ இழை அறுந்ததும் பார்ப்-1 என்ற பழுது பார்க்கும் நொதி ஓடி வருகிறது. அது வேலை செய்ய என்ஏடி என்ற மூலக்கூறைச் செலவழிக்க வேண்டும்; ஆற்றல் தயாரிப்புக்கும் அதே என்ஏடிதான் வேண்டும். அறுந்த இடங்கள் ஆயிரமாக இருந்தால், பழுது பார்க்க வந்தவரே வீட்டின் கடைசி அரிசியையும் சமைத்துச் சாப்பிட்டுவிடுகிறார். பிறகு மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஏஐஎஃப் என்ற புரதம் கிளம்பி அணுவின் உட்கருவுக்குள் போக, டிஎன்ஏ பெருந்துண்டுகளாக வெட்டுப்படுகிறது. கிரேக்கர்களின் மரண தேவனான தானடோஸின் பெயரைச் சேர்த்து இதற்குப் பார்தனடோஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் வைத்திருந்தால் யமன் பெயர் வந்திருக்கும்.

டிமியான்ஸ்கி குழுவின் அடுத்த அடி 2002இல் வந்தது. ஏற்பியின் வாலைப் பெட்டியிலிருந்து உருவிவிட வேண்டும். ஏற்பியைத் தொடக் கூடாது. அதற்கு அந்த வாலின் கடைசி ஒன்பது அமினோ அமிலங்களை மட்டும் அப்படியே நகலெடுத்தார்கள். நகல் வால் துளையில் போய் உட்கார்ந்தால் அசல் வாலுக்கு இடம் இருக்காது. செருகைப் பிடிக்கும் முனை கடைசி நான்கு: குளூட்டமிக் அமிலம், செரின், ஆஸ்பார்டிக் அமிலம், வேலின். ஆனால் இப்படி ஒரு துண்டு தானாக அணுவுக்குள் நுழையாது. நுழைய ஒரு சாவி வேண்டும். எச்ஐவி கிருமியின் டாட் புரதத்திலிருந்து பதினோரு அமினோ அமிலங்களை எடுத்து முன்னால் ஒட்டினார்கள். எதற்குள்ளும் நுழைந்துவிடும் துண்டு அது. பதினொன்றும் ஒன்பதும் இருபது. அந்த இருபதுதான் பின்னாளில் நெரினெடைடு.

அந்தச் சாவியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், பின்னால் தேவைப்படும். பதினொன்றில் ஆறு அர்ஜினைன், இரண்டு லைசின். இரண்டுமே நேர்மின்னூட்டம் உள்ளவை. இந்த மின்னூட்டக் கொத்துதான் அணுச் சவ்வில் ஒட்டி உள்ளே போகும் வல்லமையைத் தருகிறது. பின்னால் ஒட்டிய ஒன்பதும் ஒரு லைசினில்தான் தொடங்குகிறது. ஆக, இருபதில் ஒன்பது இடம் அர்ஜினைன் அல்லது லைசின்.

எலியில் மருந்து பலித்தது. ஆனால் எலியில் பலிக்காத மருந்து என்று ஏதாவது உண்டா என்ன. கேலிக்குப் பயந்தோ என்னவோ, அவர்கள் குரங்குக்குப் போனார்கள். மடிப்புகள் உள்ள, மனித மூளைக்கு நெருக்கமான மக்காக் குரங்கு மூளையில், அடைப்பு ஏற்பட்ட பிறகு மருந்து கொடுத்தும் சேதம் குறைந்ததை 2012இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மனிதர்களில் சின்னதாக ஒரு சோதனை. மூளைத் தமனி வீக்கத்தைக் குழாய் வழியாக அடைக்கும்போது துணுக்குத் துணுக்காகச் சிறு பக்கவாதங்கள் வருவது வழக்கம். மருத்துவமனையிலேயே நடக்கும் பக்கவாதம், நேரம் துல்லியமாகத் தெரியும். 185 பேரில் பார்த்தார்கள். மருந்து வாங்கியவர்களுக்குப் புதுச் சேதப் புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தது. சேதத்தின் மொத்தக் கொள்ளளவில் தெளிவான வித்தியாசம் இல்லை. இதைப் பாதி வெற்றி என்பேன். பலர் முழு வெற்றி என்றே எழுதினார்கள்.

கத்தி

2015க்குப் பிறகு நிலைமை மாறியது. தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி, மூளைத் தமனியில் சிக்கிய கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை பலன் தருவதை அந்த ஆண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல சோதனைகள் நிரூபித்தன. சோதனைக்கூட எலிக்கு நைலான் இழையால் தமனியை அடைத்து, பிறகு இழையை உருவி ஓட்டத்தைத் திறந்துவிடுவார்கள். முதன்முறையாக மனித நோயாளியும் அந்த எலி மாதிரி ஆனார். அடைப்பு, திறப்பு, நடுவில் மருந்து கொடுக்க ஓர் இடைவெளி. கனடாவின் கல்கரியிலிருந்து மைக்கேல் ஹில், மயங்க் கோயல் முதலானோர் வழிநடத்திய எஸ்கேப்-என்ஏ1 சோதனை (ஆரம்பத்தில் எண்கள் சொன்னேனே, அதுதான்) இந்த இடைவெளியில்தான் நெரினெடைடை வைத்தது. 2017 மார்ச் முதல் 2019 ஆகஸ்ட் வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். கிலோவுக்கு 2.6 மில்லிகிராம், ஒரே தடவை.

நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேருக்குக் கட்டி எடுப்பதற்கு முன் அல்டிப்ளேஸும் போனது, வழக்கமான சிகிச்சை அதுதான். அல்டிப்ளேஸ் தானாகக் கட்டியைக் கரைப்பதில்லை. இரத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜனை எழுப்பிப் பிளாஸ்மின் ஆக்குகிறது. பிளாஸ்மின் ஒரு கத்தி. ஃபைப்ரின் இழைகளை அது எங்கே வெட்டும்? லைசினுக்கும் அர்ஜினைனுக்கும் அடுத்தாற்போல.

இருபதில் ஒன்பது.

அணுவுக்குள் நுழைய உதவும் அதே எழுத்துகள்தான் கத்திக்கு வெட்டுக் குறிகள். அல்டிப்ளேஸ் வாங்கியவர்களின் இரத்தத்தில் நெரினெடைடின் அளவு வெகுவாகக் குறைந்திருந்ததை அளந்தும் காட்டினார்கள். சோதனைக்கூட எலிக்குக் கட்டியே இல்லை, நைலான் இழைதான். அல்டிப்ளேஸ் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை, கத்தியும் வரவில்லை. இருபது வருடம் யார் கண்ணிலும் படாத இடம் இது. 2021இல் இன்னொரு படி போய், இயற்கையில் உள்ள அமினோ அமிலங்களின் கண்ணாடிப் பிம்ப வடிவங்களால் இதே பெப்டைடைச் செய்து பார்த்தார்கள். பிளாஸ்மினால் அதை வெட்ட முடியவில்லை. அல்டிப்ளேஸோடு கொடுத்தும் எலியில் வேலை செய்தது. அசல் நெரினெடைடை அல்டிப்ளேஸுக்கு அரை மணி முன்னால் கொடுத்தாலும் பலன் கிடைத்தது.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். கத்தி வெட்டியது என்பதில் எனக்கும் அப்போது சந்தேகமே இல்லை.

மீண்டும் ஒரு குலுக்கல்

சரி, அப்படியானால் அல்டிப்ளேஸ் இல்லாதவர்களிடம் மட்டும் சோதித்துவிட வேண்டியதுதானே. செய்தார்கள். எஸ்கேப்-நெக்ஸ்ட் என்ற சோதனையில் 850 பேர். கட்டி எடுக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள், கட்டி கரைக்கும் மருந்து வாங்காதவர்கள். கத்தி இல்லாத களம். முடிவு 2025இல் 'லான்செட்' இதழில் வந்தது. நெரினெடைடு வாங்கியவர்களில் 45 சதவீதம் பேர் சுதந்திரமாக இயங்கினார்கள். போலி ஊசி வாங்கியவர்களில் 46.

என்எக்ஸ்ஒய்-059இன் வரிசையே திரும்பவும் வந்தது.

இந்த இடத்தில் பழைய எண்களுக்குத் திரும்பிப் போவது நல்லது. 2020இல் அல்டிப்ளேஸ் வாங்காதவர்களின் எண்கள் வந்தபோது, போலி ஊசிப் பக்கத்தின் 49.8 சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. அல்டிப்ளேஸ் வாங்கிய கூட்டத்தில் போலி ஊசிக்காரர்கள் 65.7, நெரினெடைடுக்காரர்கள் 62.7. ஆக, நெரினெடைடு வாங்கியவர்கள் இரண்டு கூட்டத்திலும் அறுபதை ஒட்டி இருக்க, போலி ஊசிப் பக்கம் மட்டும் ஒரு கூட்டத்தில் ஐம்பதுக்கு இறங்கியிருக்கிறது. மருந்து தூக்கியதா, இல்லை ஒப்பீட்டுக்கு வைத்த பக்கம் தற்செயலாக விழுந்ததா? எனக்கு அப்போது இரண்டாவதுதான் உண்மையான ஆபத்து என்று பட்டது. எஸ்கேப்-நெக்ஸ்ட் அந்த ஊகத்தைத் தலைகீழாக்கியது. அல்டிப்ளேஸ் வாங்காதவர்கள் போலி ஊசியோடு 46இல் நின்றார்கள், 49.8 அப்படியொன்றும் விபரீதமான எண் இல்லை. அல்டிப்ளேஸ் கிடைக்காமல் போகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாக வந்தவர்கள், அல்லது வேறு நோய்கள் உள்ளவர்கள். அவர்கள் குறைவாகத் தேறுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். திரும்ப வராமல் போனது 59.3. மினுக்கம் மருந்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. இரண்டு சோதனைகளின் நோயாளிகளும் ஒரே வார்ப்பு இல்லை என்பதால் இந்த ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக் கூடாது. இருந்தாலும் கண் போகத்தான் செய்கிறது.

பிளாஸ்மின் கதை பொய் இல்லை. கத்தி வெட்டுவது உண்மை, இரத்த அளவு குறைந்ததும் உண்மை. மருந்து அழிந்த இடத்தில் பலன் இல்லாததற்கு அது விளக்கம் ஆகலாம். மருந்து அழியாத இடத்தில் பலன் உண்டு என்பதற்கு அது சாட்சி ஆகாது. எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் வித்தியாசம். விளக்கம் அழகாக இருந்ததால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது.

எந்த அணு, எந்தச் சாவு

பாடப்புத்தகத்தில் நரம்பணுச் சாவு ஓர் அம்புக்குறிப் படம். மேலே 'இரத்த ஓட்டம் நின்றது', கீழே 'அணு செத்தது', நடுவில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெட்டிகள். அந்தப் படத்தில் ஒரு பெட்டியை அடித்துவிட்டால் கீழே உள்ளது எல்லாம் நின்றுவிட வேண்டும். உண்மையில் ஒரே அரைக்கோளத்தில், ஒரே நேரத்தில், அணுக்கள் வேறு வேறு வழியில் செத்துக்கொண்டிருக்கின்றன.

புறநிழலுக்கு நடுவே உள்ள கருவில் இருப்பவை வீங்கி வெடிக்கின்றன. அங்கே எந்த மருந்துக்கும் இரத்தம் வழியாகப் போய்ச் சேர வழியில்லை, ஓட்டமே இல்லையே. புறநிழலில் சில அணுக்கள் ஒழுங்காகத் தற்கொலை செய்துகொள்கின்றன: மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோக்ரோம் சி கசிந்து, கேஸ்பேஸ்-3 என்ற வெட்டு நொதி கிளம்பி, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நடப்பது. இந்தத் தற்கொலைக்கே ஏடிபி வேண்டும். ஏடிபி கொஞ்சமாவது மிச்சமிருக்கும் அணுதான் இப்படிச் சாக முடியும். 2005இல் பெயர் பெற்ற நெக்ரோப்டோசிஸில் எம்எல்கேஎல் என்ற புரதம் சவ்வைத் துளைக்கிறது. 2012இல் பெயர் பெற்ற ஃபெரோப்டோசிஸில் இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து அழிகிறது. ஆக்சிஜன் இல்லாமல் லாக்டிக் அமிலம் சேர்ந்து புளித்துப்போன திசுவில், அமிலத்தை உணரும் வேறு வாசல்கள் வழியாகவும் கால்சியம் வருகிறது; என்எம்டிஏ பக்கம் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. கட்டி எடுத்து ஓட்டம் திரும்பியதும் ஆக்சிஜனோடு புதிய ஃப்ரீ ராடிக்கல் அலை. செத்த அணுக்கள் சிந்திய சரக்கைப் பார்த்து மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்ளியாக்கள் கொதித்தெழுவது அதற்கும் பிறகு.

நெரினெடைடு இதில் ஒரே ஒரு செருகை உருவுகிறது. அதுவும் ஆரம்பத்தில் செருகியிருக்கும் ஒன்றை. பெரிய தமனி அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். கட்டி எடுக்கும் அறைக்கு ஒருவர் வந்து சேரும்போது மணிக்கணக்கு ஓடியிருக்கும். பிஎஸ்டி-95 ஒயர் சிலருக்கு எரிந்து முடிந்த ஒயராக இருக்கலாம்.

அதனால்தான் கனடாவில் ஆம்புலன்ஸிலேயே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃப்ரன்டியர் என்ற அந்தச் சோதனையில், அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள், 532 பேருக்கு. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும் என்பதால் மூளையில் இரத்தக் கசிவு உள்ளவர்களும், பக்கவாதமே இல்லாதவர்களும் கலந்திருந்தார்கள். மொத்தத்தில் பலன் தெரியவில்லை. அடைப்பு உறுதியாகி, ஓட்டத்தைத் திறக்கும் சிகிச்சையும் கிடைத்தவர்களிடம் ஒரு மினுக்கம் தெரிந்தது. ஆம்புலன்ஸில் கொடுத்ததால் அங்கே நெரினெடைடு அல்டிப்ளேஸுக்கு முந்திக்கொண்டது. அதாவது கத்தி வருவதற்குள் சாவி உள்ளே போயிருக்கலாம். மினுக்கங்களைப் பற்றி இரண்டு தடவை பார்த்துவிட்டோம், மூன்றாவதை நான் இப்போதைக்குக் கையில் எடுக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கட்டி எடுக்கும் மருத்துவர் வேலை முடிந்ததும் சாயத்தைச் செலுத்திப் படம் பார்க்கிறார். தமனி திறந்ததா, பாதிதான் திறந்ததா என்று அந்த மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. நெரினெடைடுக்கு அப்படி ஒரு படம் கிடையாது. இந்தப் பெரிய சோதனைகளில் மருந்தின் அளவைப் பார்க்க முடிந்தது கையிலிருந்து எடுத்த இரத்தத்தில்தான். புறநிழலில் காத்திருந்த நரம்பணுக்களில் எத்தனையில் அது நுழைந்தது, எத்தனை பெட்டியிலிருந்து வால் உருவப்பட்டது, நைட்ரிக் ஆக்சைடு குறைந்ததா என்பதை உயிரோடு இருக்கும் நோயாளியின் மண்டைக்குள் பார்க்க வழியில்லை. ஒயர் வெட்டுப்பட்டும் அணு வேறு வழியில் செத்ததா, ஒயர் வெட்டுப்படவே இல்லையா? 45, 46 என்ற எண்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வந்திருக்கும்.